சாகாவில் நான்கு வருடம்

எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் பட்டமளிப்பு விழா முடிந்தது. நான்கு வருடச் சாமான்களை ஏழு பெட்டிகளில் அடைத்து, அப்பாவின் நண்பருடைய வேனில் ஏற்றி, சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. இரண்டு வாரமாகியும் ஒரு பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. இந்த மடலை எழுதி முடித்த பிறகுதான் பிரிப்பது என்று வைத்திருக்கிறேன். பேராசிரியர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன், அம்மா அப்பாவுக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் யேல்-என்யுஎஸ் கல்லூரியில் நான் படித்தது பாதி என்றால் அங்கே குடியிருந்தது மீதிப் பாதி, அந்தக் குடித்தனத்துக்கு உதவியவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. யாருடைய பெயரையும் போடவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டது அப்படி. படித்தால் தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்கே தெரியும்.

முதலில் பாட்டிக்கு. பாட்டி இல்லையென்றால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011இல் அறிவித்த கல்லூரி அது, 2013இல் 157 மாணவர்களோடு தொடங்கியது. சின்னக் கல்லூரி, மொத்தமே ஆயிரம் பேர் அளவுதான். படிக்கும் மாணவர்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பது அங்கே இருந்த ஏற்பாடு, ஈசூனில் வீடு இருந்தாலும் சரி, இன்னொரு கண்டத்தில் இருந்தாலும் சரி. அம்மாவுக்கு இதுதான் பிடிபடவே இல்லை. பீஷானில் ரயில் மாறி வட்டப்பாதையில் கெண்ட் ரிட்ஜ் போய் இறங்கி பல்கலைக்கழகத்தின் டி2 பேருந்து பிடித்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் வகுப்பில் இருக்கலாம், பொம்பளப் பிள்ளை எதற்கு வெளியே தங்க வேண்டும் என்று ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சு. பாட்டிதான் கேட்டார், நீ தங்கப்போகிற கட்டடத்துக்கு என்ன பேரு என்று. எங்கள் கல்லூரியில் மூன்று குடியிருப்புகள், மூன்றுக்கும் மரத்தின் பெயர்: சாகா, எல்ம், செண்டானா. செண்டானா என்றால் மலாயில் சந்தனம். எனக்குக் கிடைத்தது சாகா.

"சாகாவா? சாகாத இடம். போகட்டும் விடு" என்றார் பாட்டி. அதோடு பேச்சு முடிந்தது.

சாகா மரம் எது என்று இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பூங்காக்களில் அதன் அடியில் பளபளவென்று சிவப்பு விதைகள் கொட்டிக் கிடக்கும், சின்ன வயதில் பொறுக்காதவர்கள் யார். தமிழில் அதுதான் ஆனைக்குன்றிமணி. கறுப்புப் புள்ளியோடு இருப்பது குன்றிமணி, அது வேறு, இது முழுச் சிவப்பு. பாட்டி அதை வைத்துத்தான் பல்லாங்குழி ஆடுவார். நான் கிளம்பிய அன்று தன் பல்லாங்குழிப் பலகையையும் குழிக்கு ஐந்தாக 14 குழிக்கு 70 விதையையும் ஒரு பழைய துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது அது சுமையாகத்தான் தெரிந்தது. மன்னியுங்கள் பாட்டி.

அப்புறம் என் சூட்டில் இருந்தவர்களுக்கு. சூட் என்றால் ஆளுக்கொரு சின்ன அறை, நடுவில் எல்லோருக்குமாக ஒரு கூடம். முதல் வருடம் நாங்கள் ஆறு பேர், அதில் மூன்று பேர் சிங்கப்பூர்க்காரர்கள், ஒருத்தி ஹனோய், ஒருத்தி கராச்சி, ஒருத்தி தென்னமெரிக்கா. குடிவந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. 2021 ஆகஸ்ட் 27, வெள்ளிக்கிழமை, கல்லூரி 2025இல் மூடப்படும், எங்கள் வகுப்புதான் கடைசி வகுப்பு என்ற அறிவிப்பு வந்தது. அந்த முடிவைப் பற்றி இந்த மடலில் நான் எதுவும் பேசப்போவதில்லை. பேசப்போவது அன்றைய ராத்திரியைப் பற்றி. கொவிட் கட்டுப்பாடு, கூட்டமாக உட்கார முடியாது. மேல் வகுப்பு அக்காமார் இரண்டிரண்டு பேராக ஒவ்வொரு சூட் கதவாக வந்து தட்டினார்கள். நாங்கள் அழுதுகொண்டிருந்தோம், அவர்களுக்கும் கண் சிவந்திருந்தது, ஆனாலும் கையில் ஏதாவது ஒன்று வைத்திருந்தார்கள். ஒருவர் மைலோ பாக்கெட்டுகள். இன்னொருவர் தன் பழைய மின்கெட்டிலையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கெட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் கெட்டில், மூடியின் பொத்தான் கொஞ்சம் தளர்ந்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் மூடும். அடிப்பக்கத்தில் ஒட்டுத்தாள் சுற்றியிருந்தது. அதில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வருடம். முதல் பெயர் 2015, கல்லூரி தன் சொந்த வளாகத்துக்கு வந்த வருடம். ஆளுக்கு ஆள் மை நிறம் வேறு, சில எழுத்துகள் நீராவியில் கரைந்து ஊதாவாகப் படர்ந்திருந்தன. போகிறவர்கள் வருகிறவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அந்த அக்கா தன் பெயருக்குக் கீழே என் பெயரை அவரே எழுதினார். அவர் இன்னும் ஒரு வருடம் அங்கே இருக்க வேண்டியவர், அவருக்கே கெட்டில் தேவை. "உனக்குப் பிறகு யாருக்குன்னு இப்ப யோசிக்காதே, தண்ணி கொதிக்க வை" என்றார். அக்கா, அன்றைக்கு நீங்கள் கொடுத்ததை வைத்து நான்கு வருடம் எத்தனை பேருக்கு மேகி கிண்டிக் கொடுத்தேன் என்று கணக்கே இல்லை.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன். மூடப்போகிற இடம்தானே என்று ஒருத்தரும் கை தளரவில்லை. அடுத்து ஆள் வராது என்று தெரிந்தும் மேல் வகுப்பினர் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். ராத்திரி நேரத்தில் மாணவர்களே நடத்தும் சின்னக் கடைக்குப் பட்டரி என்று பெயர் (வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழைய ஆங்கிலக் கல்லூரிகளில் பானங்கள் வைக்கும் அறையின் பெயர் அது), அதன் கணக்கு நோட்டை எப்படி எழுதுவது என்பதுவரை உட்கார்ந்து காட்டினார்கள். தோட்டத்து அண்ணன்மார் நடுமுற்றத்துச் செடிகளைக் கடைசி மாதம்வரை கத்தரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் மாடியைச் சுத்தம் செய்த ஆன்ட்டிக்கு. உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு நீங்கள் பேசும் ஹொக்கியன் சீனம் தெரியாது. இதை யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்லச் சொல்கிறேன். 2021 தீபாவளிக்கு முந்தின நாள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு விருந்தாளிதான் வரலாம் என்று இருந்த சமயம், சூட் தோழிகள் ஐந்து பேரையும் ஈசூனுக்குக் கூட்டிப்போக வழியில்லை. சரி, தீபாவளியை இங்கே கொண்டுவருவோம் என்று மின்தூக்கிக்கு எதிரே அரிசி மாவில் ஒரு கோலம் போட்டேன், ஏழு புள்ளி, சிக்குக் கோலம், கொஞ்சம் கோணல்தான். ராத்திரிதான் உறைத்தது, காலையில் ஆன்ட்டி வந்து துடைத்துவிடுவார், அது அவர் வேலை, எறும்பு வேறு வரும், நான் கேட்டுக்கொண்டு போட்டிருக்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுந்து ஓடினால் ஆன்ட்டி அங்கே துடைத்துக்கொண்டிருக்கிறார். தரை முழுக்க ஈரம் மின்னுகிறது. கோலத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக உலர்ந்த தரை. மாப்பின் நுனியைக் கையால் பிடித்துக்கொண்டு, வெளி வளைவை ஒட்டிக் குனிந்து குனிந்து துடைக்கிறார். என்னைப் பார்த்து, கோலத்தைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினார். ஐந்து நாள் அந்தக் கோலம் அப்படியே இருந்தது, ஐந்து நாளும் ஆன்ட்டிக்கு முதுகு வலித்திருக்கும். அடுத்த மூன்று தீபாவளிக்கும் நான் கோலம் போட்டேன், கேட்டுக்கொண்டுதான் போட்டேன், ஒவ்வொரு முறையும் அதே வட்டம்.

சாப்பாட்டுக்கூடத்து அக்காவுக்கு. 2022 பிப்ரவரியில் எனக்குக் கொவிட், வீட்டிலேயே செய்யும் ஏ.ஆர்.டி. சோதனையில் இரண்டு கோடு. அறைக்குள்ளேயே கிடந்தேன், எதை வாயில் வைத்தாலும் அட்டையைத் தின்பதுபோல இருந்தது. ஹனோய் தோழிதான் வேளாவேளைக்குச் சாப்பாட்டைத் தாபாவ் (பொட்டலம்) செய்துகொண்டு வந்து கதவுக்கு வெளியே வைத்து மூன்று தட்டு தட்டிவிட்டுப் போவாள். இரண்டாம் நாள் அவள் வைத்தது ஒரு காப்பிக் கோப்பை, மூடி போட்டது. திறந்தால் மிளகும் பூண்டும் சீரகமும், சுடச்சுட ரசம். அன்றைக்குக் கல்லூரிச் சாப்பாட்டில் ரசம் கிடையாது. என்னைக் காணோமே என்று நீங்கள் அவளிடம் கேட்டு, மறுநாள் உங்கள் தெம்பனிஸ் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்தீர்கள் என்று பிறகுதான் தெரியும். நாளுக்கு நூற்றுக்கணக்கான தட்டு உங்கள் கையைக் கடக்கிறது, அதில் ஒரு தட்டு வரவில்லை என்பதைக் கவனித்தீர்களே அக்கா. எங்கள் அம்மா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு, ஏன் அங்கே தங்குகிறாய் என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

வாரக் கடைசியில் துணிமூட்டையோடு வந்த என்னை ஏற்றிக்கொண்ட டி2 ஓட்டுநர்களுக்கும், என் முதல் வருட அழுகையை எல்லாம் கேட்ட ஆர்.சி.ஏ. (குடியிருப்பு ஆலோசகர்) அண்ணனுக்கும், பாதி ராத்திரியில் சாவி அட்டை தொலைத்தபோதெல்லாம் சலித்துக்கொள்ளாமல் கதவு திறந்துவிட்டவர்களுக்கும் நன்றி.

கடைசியாக செக்யூரிட்டி அங்கிளுக்கு. மலேசியாவின் ஜோகூர் பாருவில் உங்கள் வீடு. 2020 மார்ச்சில் எல்லை மூடியதிலிருந்து நீங்கள் வீட்டுக்குப் போகவில்லை என்பதை நான் தங்க வந்த முதல் மாதமே சொன்னீர்கள், வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னீர்கள். நான் அப்போது ஈசூன் ஞாபகம் வந்து தினமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தவள். உங்கள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். உட்லண்ட்ஸ் கரையில் நின்றால் ஜோகூர் விளக்கு தெரியும், லீவு நாளில் அங்கே போய் நின்றுவிட்டு வருவேன் என்றீர்கள். 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து விட்டார்கள், உங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் ராத்திரி வேலை முடிந்து போகும் முன் யார் யார் இன்னும் திரும்பவில்லை என்று எங்களைப் பற்றி அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். கல்லூரி மூடுகிற செய்தி வந்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா, உங்களுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் செல்லும்தானே?" உங்கள் வேலை என்னவாகும் என்று நான் அன்றைக்குத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் பட்டத்தைத் தருவது தேசியப் பல்கலைக்கழகம்தான், ஒன்றும் ஆகாது என்று சொன்னதும் நிம்மதியாகத் தலையாட்டினீர்கள்.

2022 ஏப்ரல் 1 எல்லை முழுதாகத் திறந்தது. இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினீர்கள், முகமே வேறாக இருந்தது. எட்டாம் மாடிப் பிள்ளைகளுக்கு என்று ஒரு பெரிய தகர டப்பா நிறைய முறுக்கு, உங்கள் வீட்டு ஆன்ட்டி சுட்டது. ஆறு பேரும் இரண்டே நாளில் முடித்துவிட்டோம். டப்பாவில் பாட்டியின் சாகா விதைகளைப் போட்டு வைத்தேன். பரீட்சை சமயத்தில் தூக்கம் வரக்கூடாது என்று கராச்சித் தோழியும் நானும் விடியற்காலை மூன்று மணிக்குப் பல்லாங்குழி ஆடியிருக்கிறோம், விதை தரையில் சிதறும் சத்தத்துக்குப் பக்கத்துச் சூட்காரர்கள் எழுந்து வந்து, திட்டாமல் அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். 70 விதை இப்போது 66 ஆகியிருக்கிறது. நாலு விதை அந்தக் கூடத்தில் எங்கேயோ கிடக்கிறது.

கெட்டில் என்ன ஆயிற்று என்று அந்த அக்கா கட்டாயம் கேட்பார். காலி செய்யும் நாளன்று துப்புரவு ஆன்ட்டியிடம் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அடியில் இருந்த பெயர்களைக் காட்டி, போனில் மொழிபெயர்த்துப் படிக்கக் கொடுத்த பிறகு வாங்கிக்கொண்டார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை அவரே எடுத்து, என் பெயருக்குக் கீழே சீன எழுத்தில் மூன்று எழுத்து எழுதி, பக்கத்தில் 2025 என்று போட்டார்.

அங்கிள், உங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். விதைகளைப் பாட்டியின் துணிப்பைக்கே மாற்றியாயிற்று, அதிரசத்துக்கு நேற்றே மாவு பிசைந்து வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எந்த வாசலில் நிற்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நானும் அம்மாவும் வருகிறோம்.