மலைக் காணிக்குச் சமதரை வரைபடம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வரும் வீட்டு வரைபடங்களைத் தவறாமல் பார்ப்பவன் நான். கொழும்பில் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றவன், பழக்கம் விடுமா? படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாமே கொட்டாவை, பாணந்துறைப் பக்கத்துச் சமதரைக் காணிகளுக்கானவை. அவற்றை வெட்டியெடுத்து பதுளைக்கும் ஹட்டனுக்கும் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். என் மருமகனும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

மகளும் அவரும் பண்டாரவளையில் ஆசிரியர்கள். வாங்கியிருப்பது 14 பேர்ச் காணி. முகப்பு 40 அடி, உள்ளே ஏறத்தாழ 95 அடி. பாதை மேலே இருக்கிறது. அங்கிருந்து பின் எல்லைக்குப் போவதற்குள் நிலம் 22 அடி இறங்கிவிடுகிறது. மருமகன் கொண்டுவந்த படத்திலோ மூன்று அறை, ஹோல், குசினி, கார் நிறுத்தும் இடம், எல்லாம் ஒரே மட்டத்தில். மேசன் பாஸுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை இறக்கினால் தட்டையாக்கிவிடலாம் என்றாராம்.

ஆக்கலாம்தான். 40 அடி ஆழமுள்ள வீட்டுக்கு அந்தச் சரிவில் ஒன்பது அடிக்குக் கொஞ்சம் கூடுதலான இறக்கம் வரும். முழுவதையும் வெட்டினால் பாதைக்குக் கீழே ஒன்பது அடி மண்சுவர் செங்குத்தாக நிற்கும். பாதி வெட்டி, பாதி நிரப்பினால் வீட்டின் ஒரு பக்கம் கெட்டித் தரையிலும் மறுபக்கம் கொட்டிய மண்ணிலும் உட்காரும். கொட்டிய மண் ஓரிரு மழைக்காலத்தில் அமரும். இரண்டும் சேரும் கோட்டில் சுவர் மேலிருந்து கீழாக வெடிக்கும். மலையகத்தில் அந்த வெடிப்பைப் பார்க்காதவர் யார்?

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சில காணிகளில் கட்டவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவையும், கடந்த 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் படுத்திய பாட்டையும் மறந்துவிட்டு மலைக்காணி பற்றி யாரும் பேச முடியாது. பதுளை போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பலர் காணியை எழுதி முடித்துவிட்டுத்தான் அந்த வாசலுக்குப் போகிறார்கள். முற்பணம் கொடுக்கும் முன்பே போக வேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் எந்தக் கெட்டிக்காரனின் வரைபடமும் உதவாது.

சரி, அனுமதி கிடைத்த காணிக்கு வருகிறேன். அந்த ஒன்பது அடிச் சொச்சம் என்பது ஒரு மாடியின் உயரம். அதை வெட்டி எறிவானேன்? பாதை மட்டத்தில் ஒரு தளம், அதன் பின்பாதிக்குக் கீழே இன்னொரு தளம் என்று வைத்தால், நடுவில் நாலரை அடி வெட்டினால் போதும். இரண்டு தளத்துக்கும் வெளிக்கதவு நேரே மண்ணில் திறக்கும். வெள்ளவத்தையில் மேல்மாடியைப் பிரித்து வாடகைக்கு விட வேண்டுமென்றால், சந்துக்குள் ஓர் இரும்புப் படிக்கட்டைச் செருகிப் படாத பாடு படுகிறோம். நாளைக்கு ஒரு மாடி எழுப்பலாம் என்று சிலாப்புக்கு மேலே கம்பியை நீட்டி விட்டு, அது இருபது வருஷம் துருப்பிடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மலைச்சரிவு அந்த இரண்டாவது வாசலைச் சும்மா தருகிறது.

மருமகனின் தாயாருக்கு முழங்கால் வலி. அவருக்கு மேல்தளத்தில், பாதையிலிருந்து ஒரு படிகூட இல்லாமல் போய்ச் சேரும் அறையும் குளியலறையும். பேரன்கள் இருவருக்கும் கீழ்த்தளம். மூத்தவன் உயர்தரம் படிக்கிறான். அவன் பல்கலைக்கழகம் போனால் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடலாம், கல்யாணம் முடித்தால் அவனே குடியிருக்கலாம், இல்லாவிட்டால் மகளும் மருமகனும் வயதான காலத்தில் மேலே ஒதுங்கிக்கொண்டு கீழே யாரையாவது வைக்கலாம். இதற்காக இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உள்படிக்கட்டை நடு ஹோலில் வைக்காமல் ஓரச் சுவரோடு வைத்தால், பிறகு ஒரு கதவைப் போட்டு இரண்டு வீடாக்கலாம். பாரத்தைத் தூண்கள் தாங்கினால், கீழே இரண்டு அறைக்கும் நடுவில் கல் சுவர் வேண்டாம், அலுமாரியே தடுப்பாக நிற்கும். குசினிக் குழாய்க்கு ஒரு முனையை மூடி வைத்தால் போதும். மின்சாரத்துக்குத் தனி வயரிங் இப்போதே இழுத்துவிடுவது நல்லது, பிறகு சுவரைக் கொத்துவது பெரிய தலையிடி.

மேசன் பாஸோடு எனக்கு உண்மையில் சண்டை வந்தது வேறொரு மூன்றடிக்காக. மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவரையே கீழ் அறையின் பின்சுவராக்கலாம், செலவு மிச்சம் என்றார் அவர். கூடாது என்றேன். கருங்கல் சுவர் தனியாக நிற்கட்டும், அதில் தண்ணீர் கசிந்து வர ஓட்டைகள், அதற்குப் பின்னால் மண்ணுக்கு முன் சல்லி. அங்கிருந்து மூன்றடி தள்ளி அறைச் சுவர். நடுவே ஓர் ஒடுங்கிய நடை, அதன் அடியில் தண்ணீர் வடியும் கான். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை கக்கும் தண்ணீர் அந்தக் கானோடு போய்விடும், படுக்கைக்குப் பக்கத்தில் சுவர் ஊறாது. குழாய்களெல்லாம் அந்த நடையிலேயே ஓடுவதால், எது ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியும், புதிதாக ஒன்று போடவும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. இடம் வீண் என்று பாஸ் இன்னும் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு அல்ல. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950 வாக்கிலேயே கண்டிச் சரிவில் கருணாரத்ன இல்லத்தை நிலத்தோடு மட்டம் மாற்றி மாற்றிக் கட்டிக் காட்டியிருக்கிறார்.

ஒன்றுதான் இன்னும் தீரவில்லை: மழைநீர். 1,200 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,800 லீட்டர் பீலியில் இறங்கும். பொதுக் கான் பாதையோரம், அதாவது வீட்டுக்கு மேலே. தண்ணீர் மேலே ஏறுமா? கீழ்க்காணிக்காரரின் நிலத்தினூடாகக் குழாய் போட்டு ஓடைக்கு இறக்க வேண்டும், அதற்கு அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். காணி வாங்கும்போது எல்லோரும் பாதை உரிமையைத் துருவித் துருவிக் கேட்கிறோம், தண்ணீர் போகும் வழியைக் காணி உறுதிப் பத்திரத்தில் தேடுகிறவர் அரிது. சரிவில் அதை அப்படியே ஊறவிட்டால் கீழே இருப்பவரின் வீட்டுக்கும் ஆபத்து.

எனவே ஆசிரியர் அவர்களே, மாதத்துக்கு ஒன்றாவது மலைக் காணிக்கான படம் வெளியிடுங்கள். தளப்படம் மட்டும் போதாது, நிலத்தின் சரிவைக் காட்டும் வெட்டுமுகமும் வேண்டும். எங்கள் படத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், பிரயோசனப்பட்டால் போடுங்கள். பாதை கீழேயும் காணி மேலேயும் உள்ளவர்களுக்கு வேறு படம் தேவைப்படும். அங்கே தண்ணீர் தானாக இறங்கிவிடும், முழங்கால் வலிக்காரரை எப்படி மேலே ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.