கார் ஷெட்டில் ஏறிய மலை ரயில்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோவையில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், நீலகிரி மலை ரயில் பாதையின் கல்லாறு நிலையம் முதல் ஹில்குரோவ் நிலையம் வரையிலான பகுதியை மாதிரியாக அமைக்கும் வேலை ஒருவழியாக நிறைவுற்று, கடந்த பொங்கல் விடுமுறையில் முதல் வண்டி தடங்கலின்றி மேலே ஏறிச் சேர்ந்தது. அன்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடமே கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் கைகுலுக்கல்களில் பெரும்பாலானவை வேறு சிலருக்கு உரியவை என்பதால் இந்த மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே தொழிலையும் உறவையும் சொல்லியே நன்றி கூறுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும்.

நான் எவ்வளவு சிக்கலான வேலையைக் கொண்டுபோய் அவர்கள் தலையில் வைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கி.மீ. இதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. எங்கள் ஷெட்டோ பதினெட்டுக்கு ஒன்பது அடி. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதை அந்த அளவில் 12 மி.மீ. அகலத் தண்டவாளமாகிவிடுகிறது, அது சிக்கல் இல்லை, விலைக்குக் கிடைக்கிறது. சிக்கல் ஏற்றத்தில் இருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சில இடங்களில் பன்னிரண்டரை அடி முன்னே போவதற்குள் பாதை ஓர் அடி மேலே ஏறுகிறது. மாதிரி ரயில் எஞ்சின்கள் பெட்டிகளோடு இதில் பாதியளவு ஏற்றத்தைக் கண்டாலே சக்கரம் வழுக்கி நின்றுவிடும். உண்மையான பாதையில் இதற்காகத்தான் தண்டவாளங்களின் நடுவே பல் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் வரும். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி இல்லாமல் இருப்பதில்லை. ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறை இது. 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட பாதையில் இன்றும் வண்டியை ஏற்றுவது அதே முறைதான்.

இந்தப் பட்டைகளைச் செய்துதந்த லேத் பட்டறை அண்ணனுக்கே என் முதல் நன்றி. பம்ப் செட் உதிரிப்பாகங்கள் செய்து பழகிய பட்டறையில், பல்லுக்கும் பல்லுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு வேலையைக் கொண்டுபோய் வைத்தபோது, அவர் சிரிக்கவும் இல்லை, விலை சொல்லவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, மாதிரித் துண்டை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை லேத்தில் செய்ய முடியாது, வயர் கட்டில்தான் போக வேண்டும்" என்றார். தெரிந்த இடத்தில் அவரே பேசி, மெல்லிய பித்தளைத் தகட்டை, மின்பொறி பாயும் கம்பியால் வெட்டும் அந்த வயர் கட் இயந்திரத்தில் வெட்டிவாங்கி, ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் பிசிறு போகத் தேய்த்துத் தந்தார். பட்டைகள் சேரும் இணைப்பில் பல் இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் எஞ்சின் எகிறும் என்பதால், இரண்டு பட்டைகளின் மீதும் மூன்றாவதாக ஒரு துண்டைக் கவிழ்த்துப் பல்லோடு பல் பொருத்திவைத்து, அதன் பிறகே ஆணி அடிக்க வேண்டும் என்ற உபாயமும் அவருடையதுதான். எங்கள் எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பட்டையை மட்டுமே கடிக்கிறது, மற்றொன்று பார்வைக்காக இருக்கிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்களுக்காக இங்கே சொல்லிவைக்கிறேன். அந்தப் பார்வைப் பட்டையையும் அதே துல்லியத்தோடுதான் அவர் வெட்டிக் கொடுத்தார். கூலி பற்றிப் பேச்செடுத்தால் இன்றுவரை வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறார்.

எஞ்சினின் அடிப்பகுதி வந்த கதையில் சூரிச்சில் வேலை செய்யும் என் சகலையின் மகனுக்குப் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதையும் மீட்டர் கேஜ்தான், அங்கும் அப்ட் முறைதான். ஆகையால் அந்நாட்டு மாதிரி எஞ்சின்களின் பல்சக்கரப் பொறி நமக்கு அப்படியே பொருந்தும். பழையது ஒன்றைத் தேடிப் பிடித்து, விடுமுறைக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தான். நம் மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களில் பழையவை அனைத்தும் சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை என்பதை அவனிடம் சொன்னபோது, அடுத்த வாரமே அந்த ஊருக்குப் போய்வந்துவிட்டான். தம்பிக்கு நன்றி.

குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரை நண்பர் மூலம் அறிந்தேன். அவர் இல்லாதிருந்தால் பார்க்க அழகான, ஆனால் முற்றிலும் தவறான ஒரு ரயில் எங்கள் ஷெட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மலை ஏறும்போது எஞ்சின் வண்டியின் கீழ்ப்புறத்தில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுமே தவிர இழுக்காது. ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. ஆகவே முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன், அதாவது பிரேக் பிடிக்கும் ஊழியர், கொடியசைத்துக் காட்டுவதை வைத்தே வண்டி நடக்கும். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், நெல்மணியைவிடச் சற்றே பெரிய கையில் பச்சைக் கொடி பிடித்த பொம்மைகள் இன்று நான்கு பெட்டிகளிலும் நிற்கின்றன. வேகத்தையும் அவர்தான் திருத்தினார். பல்சக்கரப் பகுதியில் உண்மையான வண்டி மணிக்கு 13 கி.மீ. வேகத்தில்தான் ஊர்கிறது, நம் அளவில் அது நொடிக்கு நான்கு சென்டிமீட்டர். ஏழு மீட்டர் ஏற்றத்தைக் கடக்க எங்கள் வண்டி மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது. வேகமாக ஓட்டிக் காட்டச் சொல்லும் குழந்தைகளிடம் ஐயா தாமே பதில் சொல்லிக்கொள்கிறார்.

அந்த ஏழு மீட்டரில் பாதை 56 செ.மீ. உயர்கிறது. கல்லாறு இடுப்பளவிலும் ஹில்குரோவ் கண்ணளவிலும் அமையும்படி ரீப்பர் சட்டங்களை நிறுத்தி, பன்னிரண்டு மி.மீ. பிளைவுட்டை ஒரே சீராகச் சாய்த்து ஏற்றிய ஆசாரியின் கைத்திறனுக்கு என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது என்று தெரியவில்லை. ஏற்றம் தொடங்கும் இடத்தில் பலகையைச் சட்டென்று மடக்காமல், வில்லைப் போல மெல்ல வளைத்து எடுத்திருக்கிறார். அந்த வளைவு இல்லையென்றால் எஞ்சினின் முன்முனை பல் பட்டையில் உரசும். கால்கள் தரையில் படும் இடங்களுக்குக் கரையான் மருந்து அடித்ததும் அவர் சொல்லாமல் செய்த வேலை.

மின்சார வேலையைப் பார்த்துக்கொடுத்தவர் எங்கள் தெருமுனை டிவி மெக்கானிக். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் மட்டுமே என்பதால் இணைப்புகளில் சிறிது மின்னழுத்தம் வீணானாலும் ஏற்றத்தில் எஞ்சின் தயங்கும். எனவே ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனித்தனி ஒயர் வைத்துச் சால்டர் செய்தார். அடியில் இருப்பது பிளாஸ்டிக் கட்டை. பற்றவைக்கும் இடத்துக்கு இருபுறமும் ஈரப் பஞ்சை வைத்துச் சூட்டைத் தடுத்து, ஒரு கட்டைகூட உருகாமல் முடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அது பார்க்க வேண்டிய காட்சி.

மலையின் உள்ளே தெர்மாகோலும், அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த என் பழைய வேட்டிகளும் இருக்கின்றன. காட்டுத் தரையாகத் தெரிவது டீத்தூள் சக்கை. பேக்கரி அண்ணன் தினமும் வடிகட்டிய சக்கையைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவைத்துக் கொடுத்தார். பூஞ்சை பிடிக்காதபடி அதை மொட்டைமாடியில் காயவைத்துச் சலித்துத் தந்தது என் அண்ணி. கல்லாற்றுப் பாக்குத் தோப்பைச் செய்தவர்கள் பக்கத்து வீட்டுப் பள்ளிக் குழந்தைகள். ஈர்க்குச்சியே மரம், பச்சைக் காகிதத்தைக் கீறிச் செய்தது ஓலை. தோப்பில் மரங்கள் கொஞ்சம் சாய்ந்து நிற்பதாக யாரோ குறை சொன்னார்கள்; காற்றில் சாயாத பாக்கு மரத்தை நான் பார்த்ததில்லை.

கார் ஷெட்டில் ரயில் இருந்தால் கார் எங்கே என்று கேட்பவர்களுக்கு: எதிர்வீட்டு ஐயா தம் காலி மனையின் வேப்பமரத்தடியில் இடம் தந்திருக்கிறார், வாடகை வாங்க மறுக்கிறார். வேப்பம்பழம் விழுந்து பிசுபிசுத்த காரைத் தினமும் துடைத்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும் என் மனைவி, இந்த ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் எதுவும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்தே அவருக்கு நன்றி.

இனி ஆடர்லி பாலமும், ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயும் மீதமிருக்கின்றன. அந்தக் குழாயைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த பழைய புகைப்படம் யாரிடமாவது இருந்தால் பிரதி எடுத்துக்கொள்ளத் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஷெட்டின் ஷட்டர் திறந்தே இருக்கும். வருபவர்கள் கல்லாறு முனையிலிருந்து பாருங்கள், ஹில்குரோவ் பக்கம் குன்னூர் ஐயாவின் நாற்காலி இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
தங்கள் தெருவாசி