அலுமினியப் படகுகளை ஏலம் விடுமுன் அரிப்பை ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
உள்நாட்டு மீனவர் குழுவினர்,
பண்ணவாடி, மேட்டூர் வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், சேலம்.

பொருள்: அலுமினியப் படகுகளைக் கழிக்கும் முடிவை நிறுத்திவைத்து, உலோக ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் எங்கள் குழு பயன்படுத்திவரும் அலுமினியப் படகுகள் அனைத்தும் துருப்பிடித்துவிட்டதாக, அண்மையில் பார்வையிட்டவர்கள் குறிப்பு எழுதிச் சென்றிருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு ஏலம் விடப்போவதாகக் கேள்விப்படுகிறோம். கரையில் நின்றபடி எழுதிய குறிப்பு அது. ஒரு படகையாவது கவிழ்த்துப் பார்த்திருக்கலாம்.

அலுமினியம் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போர்த்திக்கொள்ளும். அதுதான் அதற்குக் காப்பு. பெரும்பாலான படகுகளில் தெரியும் சாம்பல் நிறமும் வெளுப்பும் இந்தப் படலம் தடித்ததாலும் தண்ணீரின் உப்புப் படிந்ததாலும் வந்தவை. நைலான் பிரஷால் தேய்த்தால் அடியில் தகடு வழவழப்பாகவே இருக்கிறது.

சில படகுகளின் நிலை மோசம்தான். வெளிப் பட்டறை ஒன்றில் பழுதுபார்த்தபோது இருக்கைகளுக்குச் சாதாரண இரும்பு போல்ட்டுகளையும், தண்ணீர் வடிக்கும் துளைக்குப் பித்தளை மூடியையும் பொருத்திவிட்டார்கள். அலுமினியத்தோடு இரும்போ பித்தளையோ ஒட்டி நனைந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகி அலுமினியம் கரையத் தொடங்கும். கடல்நீர் அளவுக்கு நன்னீர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், சேதம் பரவாமல் போல்ட்டைச் சுற்றியே குழி விழுகிறது. அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளிக்கிறது; உடைத்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. தளத்தில் விரித்த பிளைவுட்டுக்கு அடியிலும் இப்படித்தான். ஈரம் காயாமலும் காற்றுப் புகாமலும் கிடக்கும் இடத்தில் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகையென்றால் இன்னும் கேடு. மேலே பெயிண்ட் அடித்தால் குழி மறையுமே தவிர நிற்காது.

ஏற்காட்டு பாக்சைட்டிலிருந்து அலுமினியம் உருக்கிய ஆலை பல ஆண்டுகள் இயங்கிய ஊர் மேட்டூர். இங்கேயே அலுமினியத்தை இரும்பைப்போல் பார்வையால் மட்டும் எடைபோடுவது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகவே ஏலத்தை நிறுத்திவைத்து, கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியின் உலோகப் பொறியியல் துறையைக் கொண்டு படகுகளை ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். பலகைகளைப் பெயர்த்துவிட்டு, குழிகளின் ஆழத்தையும் மிஞ்சியுள்ள தகட்டின் கனத்தையும் அளக்க வேண்டும். படகைத் தாங்குகட்டைகளில் ஏற்றி உள்ளே சிறிது தண்ணீர் ஊற்றினால் கசியும் இடம் வெளியே தெரிந்துவிடும். அந்த வேலைக்கு நாங்களே ஆள் தருகிறோம். தகடு தேறாத படகுகளைக் கழிப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. மற்றவற்றில் எவர்சில்வர் போல்ட்டுகளை நைலான் வாஷர் வைத்துப் பொருத்தவும், இனிப் பழுதுபார்க்கக் கொடுக்கும் பணியாணைகளில் இதை நிபந்தனையாகச் சேர்க்கவும் ஆவன செய்ய வேண்டும். ஆடியில் நீர்வரத்து கூடுமுன், படகுகள் கரையில் இருக்கும்போதே ஆய்வை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்.

இணைப்பு: படகுகளின் புகைப்படங்கள்.