மார்ச் மாதக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கங்க.

போன மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் எங்கள் பாப்பா கோயில் வாசலிலிருந்து நட்டு வைத்த கம்பம் வரைக்கும் தானே நடந்து போய்த் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு காலிலும் கேலிப்பர் (காலைத் தாங்குகிற சட்டம்), பிடித்துக்கொள்ள வாக்கர். நமக்கு இருபது எட்டு வைக்கிற தூரம். அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. சொம்பை அவளுடைய அமுச்சி (அம்மாவின் அம்மா) தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "கொளந்தைய நடக்க வெச்ச புண்ணியவான் யாருங்க?" என்று கேட்டார். ஒரே ஒருவர் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை பேர் இருக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். பம்புக்கு உதிரி பாகம் கடைகிற வேலை. வீடு அன்னூர் பக்கம். மனைவி முன்பு ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாப்பா பிறந்தது 2018 தீபாவளிக்கு முந்தின வாரம், முதுகுத் தண்டில் பிளவோடு. ஸ்பைனா பைஃபிடா என்று சொல்கிறார்கள்.

முதல் நன்றி எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்கு. ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். எட்டாம் மாதம் நர்ஸம்மா டேப் வைத்து வயிற்றை அளந்து பார்த்துவிட்டு, "மாசத்துக்கு அளவு கூடுதலா இருக்குதுங்க தம்பி, இன்னொருக்கா ஸ்கேன் எடுத்தே ஆவோணும்" என்று ஒரே பிடியாக நின்றார். லீவு கிடைக்காது என்று நான் இழுத்தடித்தபோது பட்டறைக்கே போன் போட்டார். அந்த இரண்டாவது ஸ்கேனில்தான் மூளைக்குள் நீர் கூடியிருப்பதும், இடுப்புப் பக்கம் முதுகெலும்பு மூடாமல் விரிந்திருப்பதும் தெரிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: 18 முதல் 20 வாரத்துக்குள் பார்த்தால், மண்டையோடு எலுமிச்சம்பழம் போல முன்பக்கம் ஒடுங்கியிருக்கும், சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்து கிடக்கும், அதை வைத்தே முதுகில் பிளவு இருப்பதைச் சந்தேகப்பட்டுவிடலாம் என்று. எங்களுக்கு அந்த வாரம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் நர்ஸம்மா விடாப்பிடியாக நின்றதால், மூளை நரம்பு அறுவை சிகிச்சை நடக்கிற பெரிய அரசு மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்க ஏற்பாடானது. இல்லையென்றால் பாப்பா பக்கத்தில் எங்காவது பிறந்து, முதுகு திறந்தபடியே அலைந்திருப்போம்.

நாள் குறித்ததற்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. அன்று ராத்திரி 108 ஓட்டி வந்த தம்பி, ரோட்டில் குழி வருகிற இடமெல்லாம் முன்கூட்டியே சொல்லிச் சொல்லி ஓட்டினார். அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. நன்றி தம்பி.

பாப்பாவை முதன்முதலில் பார்த்தது குப்புறப் படுத்த நிலையில்தான். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சின்னத் தக்காளி அளவுக்குச் சிவந்த ஒரு கட்டி. மேலே தோல் இல்லை, மெல்லிய சவ்வுதான். உள்ளே நரம்பு. உப்புநீரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டு, காய்ந்துவிடாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார்கள். அந்த ராத்திரி டூட்டியில் இருந்த சிஸ்டர் துணி காய்கிறதா என்று திரும்பத் திரும்ப வந்து தொட்டுப் பார்த்ததை நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிருமி உள்ளே போய்விட்டால் மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதால், பிறந்த இரண்டு நாளுக்குள் மூடிவிட வேண்டும் என்றார்கள். மறுநாளே மூடினார்கள்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான கஷ்டம் தொடங்கியது. பார்க்க வந்த ஒறம்பரை ஒவ்வொருவராக என் மனைவியிடம் கேட்டார்கள்: "கிரகணத்துல வெளிய வந்தியா கண்ணு?" அந்த வருஷம் ஜூலை 27 ராத்திரி சந்திர கிரகணம். எங்கள் ஊரில் அன்றைக்குத் தண்ணீர் விட்டதே நடு ராத்திரியில்தான். குடம் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். போனது உண்மை. எங்கள் அம்மாவும் சேர்ந்து சொன்னார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது.

நான்காம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம், "நாந்தானுங்க இந்தக் கொளந்தைய இப்படிப் பண்ணிப்போட்டேன்" என்று அழுதாள். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசியாக எப்போது வீட்டுக்குத் தூரமானாள் என்று கேட்டார். பிப்ரவரி முதல் வாரம் என்றாள். அப்புறம் ஓ.பி. சீட்டு ஒன்றை எடுத்தார்.

கரு தங்கி மூன்றாவது வாரத்தில் குழந்தை என்பது சின்னத் தகடு மாதிரிதான் இருக்கும், நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் பெரிது என்றார். அதன் முதுகுப் பக்கம் நடுவில் ஒரு பட்டை தடித்து வரும். சீட்டைக் கட்டில்மேல் வைத்து அதன் இரண்டு நீள ஓரங்களையும் மெல்லத் தூக்கினார். இப்படித்தான் அந்தப் பட்டையின் ஓரங்கள் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொண்டு குழாயாகும். ஒட்டுவது கழுத்துப் பக்கத்தில் ஆரம்பிக்கும், அங்கிருந்து மேலேயும் கீழேயும் ஒட்டிக்கொண்டே போகும். தலைப்பக்கத்து வாய் 25ஆம் நாள் வாக்கில் மூடும். அடிப்பக்கத்து வாய் 28ஆம் நாள் வாக்கில் மூடும். மேலே இருப்பது மூளையாகும், கீழே இருப்பது தண்டுவடமாகும். தலைப்பக்கம் மூடாமல் போனால் மண்டையோடும் மூளையும் உருவாகாத குழந்தை. அது தங்குவதில்லை. அடிப்பக்கம் மூடாமல் போனால் இவளைப் போல. சீட்டின் கீழ்முனையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் காட்டினார்.

தகட்டை மடித்துச் சீம் சேர்த்துப் பைப் ஆக்குகிற வேலையை நான் பார்த்திருக்கிறேன். சேர்கிற நேரத்தில் சேரவில்லையென்றால் பிற்பாடு தட்டிச் சேர்க்க முடியாது. அதனால் எனக்கு உடனே பிடிபட்டது. ஆனால் அவர் எனக்காகச் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, மார்ச் மாதத்துத் தாளைத் திருப்பி 20ஆம் தேதிமேல் என் மனைவியின் விரலைப் பிடித்து வைத்தார். "இங்கேயே முடிஞ்சுபோச்சும்மா. கிரகணம் ஜூலை. நாலு மாசம் கழிச்சு. உனக்கு நாள் தள்ளிப்போயி ரெண்டு வாரம் ஆகறதுக்குள்ள முடிஞ்சுபோன வேலை இது. கர்ப்பம்னே உனக்கு அப்பத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவள் அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் ஒரு தட்டு ரசஞ்சாதம் சாப்பிட்டாள். எங்கள் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எழவே இல்லை. டாக்டரம்மா, நீங்கள் எங்களுக்காகச் செலவு செய்தது கால் மணி நேரம் இருக்கும். ஆபரேஷன் பாப்பாவைக் காப்பாற்றியது, அந்தக் கால் மணி நேரம் அவளுடைய அம்மாவைக் காப்பாற்றியது. அந்தச் சீட்டு இப்போதும் மடித்தபடியே என் பட்டறை டிராயரில் இருக்கிறது.

அப்படியானால் எதனால் வந்தது என்று கேட்டோம். ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். பரம்பரைக் கூறு, கட்டுப்படாத சர்க்கரை, வலிப்புக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட் போன்ற சில மாத்திரைகள், கூடவே ஃபோலிக் அமிலக் குறைவு. இதில் கடைசியைத்தான் நம் கையால் சரிசெய்ய முடியும். ஆனால் அதற்கும் அந்த 28 நாள் கணக்கு உண்டு. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு மாத்திரையை ஆரம்பித்தால் பெரும்பாலும் குழாய் மூடுகிற நேரம் கடந்துபோயிருக்கும். கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும். கீரையிலும் பச்சைப்பயறு, தட்டைப்பயறிலும் இந்தச் சத்து இருக்கிறது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதில் நிறையத் தண்ணீரோடு போய்விடும். சாப்பாட்டை மட்டும் நம்பியிருக்காமல் மாத்திரையும் போடச் சொல்வது இதனாலும்தான்.

இதைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் குன்னூர். 1929-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா அங்கேயிருந்த பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்திருக்கிறார். பம்பாயில் மில் வேலைக்குப் போன கர்ப்பிணிகளுக்கு ஏன் ரத்தம் செத்துப்போகிறது என்பதுதான் அவர் தேடியது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் தேறுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதில் இருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1945 வாக்கில் அதை அமெரிக்காவில் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஒரு மில் தொழிலாளியின் புருஷனாக இந்த இரண்டு பேருக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். முதுகை மூடியபின் தலை பெருக்க ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒரு சிஸ்டர் டேப்பைச் சுற்றி அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதுவார். ஒரு வாரத்துக்கு அரை சென்டிமீட்டர் கூடினால் சரி. பாப்பாவுக்கு இரண்டு வாரத்தில் மூன்று சென்டிமீட்டர். உச்சிக்குழி புடைத்துக்கொண்டது, கண்மணி கீழே இறங்கிக்கொண்டது. ஷண்ட் வைக்க வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். மூளையில் தேங்குகிற நீரைத் தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்கு இறக்கிவிடுவது. நடுவில் ஒரு வால்வு, நீர் இறங்கலாம், திரும்பி ஏறக்கூடாது. என் தொழிலைக் கேட்டுக்கொண்டு, "உங்க ஃபுட் வால்வேதாங்க" என்றார். பம்புக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கிற வால்வு அது. எனக்கு அந்த நிமிஷத்தில் பாதி பயம் போய்விட்டது.

அந்த வால்வுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்று ஒரு மெஷின் வேலைக்காரர். அவருடைய மகனுக்கும் இதே முதுகுப் பிளவு, இதே தலைநீர். டாக்டர் ஸ்பிட்ஸ் என்பவர் நல்ல வால்வு இல்லாமல் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, 1956-இல் சிலிகான் வைத்துத் தானே ஒன்றைச் செய்துவிட்டார். அவருடைய மகன் அதிக வருஷம் இருக்கவில்லை. ஆனால் அந்த வழியில் வந்த வால்வுகள்தான் எத்தனையோ பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் இருக்கின்றன. பாப்பாவுக்குத் தலை சீவும்போது என் விரல் அந்தச் சின்ன மேட்டில் படும். ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

வார்டு சிஸ்டர்களுக்கு எப்படிச் சொல்வேன். இந்தப் பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப்பையின் நரம்பும் வேலை செய்யாது. தேங்கினால் கிட்னி கெட்டுவிடும். பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு எடுக்க வேண்டும். என் மனைவிக்குக் கை நடுங்கியது. ஒரு சிஸ்டர் தன் டூட்டி முடிந்தபிறகும் இருந்து, மூன்று நாள் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டார். எங்கள் அம்மாவும் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்குப் பாப்பாவின் கிட்னி ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதென்றால் அந்த மூன்று நாள்தான் காரணம்.

குழந்தைகளின் குறைகளைக் கண்டறிய 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் 30 நோய்ப் பட்டியலில் முதலாவதாக இருப்பதே இந்த நரம்புக் குழாய்க் குறைதான். அதன்படி எங்களை அனுப்பிய மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சிகிச்சை தொடங்குகிற இடம்) இருக்கிற பிசியோதெரபி அக்கா, பாப்பாவின் வளைந்த பாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றும் நாளெல்லாம் எங்களோடு வந்து நின்றார். முதல் கேலிப்பர் கடித்துப் புண்ணானபோது (காலில் உணர்ச்சி குறைவென்பதால் பாப்பாவுக்கு வலியே தெரியவில்லை) தினமும் இரண்டு வேளை பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, இரண்டாம் வகுப்பை மாடியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். ஒருவரும் கேட்காமலே செய்தார். குழாய் விட ஒரு சுத்தமான அறையும் திரைத்துணியும் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி. ரப்பர் இவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று தெரிந்ததும், பிறந்தநாளுக்குப் பலூனே வேண்டாமென்று கலர் பேப்பர் வெட்டித் தோரணம் கட்டினீர்களே. ஆறு மாதம் அரைச் சம்பள வேலைக்கு முழுச் சம்பளம் கொடுத்த பட்டறை ஓனர் அண்ணனை நான் எப்போதும் மறக்க மாட்டேன்.

இரண்டாவது குழந்தைக்கு நாங்கள் பயந்தது உண்மை. முதல் குழந்தைக்கு இப்படி இருந்தால் அடுத்ததற்கு வர நூறில் இரண்டு, மூன்று வாய்ப்பு என்றார்கள். 1991-இல் 7 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், எங்களைப் போன்ற தாய்மார்களுக்கு முன்கூட்டியே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. அந்த அளவு மற்றவர்களுக்கான அளவைவிடப் பத்து மடங்கு. டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் போட வேண்டும். அதே டாக்டரம்மா எழுதிக் கொடுக்க, மூன்று மாதம் முன்பிருந்தே என் மனைவி ஒரு நாள் தவறாமல் போட்டாள். பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அக்காவுக்கு முன்னால் ஓடுகிறான்.

இப்போது எங்கள் நர்ஸம்மா, ஊரில் கல்யாணம் நிச்சயமாகிற பெண்கள் வீட்டுக்கெல்லாம் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறார். அவள் ஒரு காகிதத்தை எடுத்து ஓரத்தை மடித்துக் காட்டுகிறாள். மார்ச் மாதத்துக் கணக்கைச் சொல்கிறாள்.

இதில் சொல்லாமல் விட்டவர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சந்தகை பிழிகிறோம், தேங்காய்ப்பாலும் இருக்கும். சிஸ்டர், டாக்டரம்மா, பிசியோ அக்கா, 108 தம்பி, எல்லோரும் அவசியம் வந்துவிடுங்கள். அன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு போன் போட்டால் போதும், நான் வண்டியோடு வந்து நிற்பேன். வாசல்வரைக்கும் வந்து கூப்பிடுவது தன் வேலை என்று பாப்பா சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா, அம்மா