உணவைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே, நாளேடுகளின் மகளிர் பக்கங்களிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களிலும் ‘ஒரே மாதத்தில் உடலைக் குறைக்க’ என்னும் குறிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை எழுதுவோரின் நோக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும், அத்தகைய ஒரு பக்கத்தைக் கத்தரித்துத் தன் கணிதப் புத்தகத்துக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பதினைந்து வயதுப் பெண்ணின் தாய் என்ற முறையில், அந்தப் பக்கங்களில் நான் இதுவரை காணாத ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். உணவோடும் தம் உடலோடும் போராடும் பிள்ளைகளுக்கு முறையான உளவியல் சிகிச்சை இருக்கிறது. அது பலனும் தருகிறது.

என் மகள் அப்போது ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பரதநாட்டிய அரங்கேற்றமும் எஸ்பிஎம் என்னும் பள்ளியிறுதித் தேர்வும் ஒன்றையடுத்து ஒன்றாக வரவிருந்தன. ஓர் எழுத்துப் பிழைத்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். 96 மதிப்பெண் வாங்கி வந்தால், மீதி நான்கு எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்பதற்கு முன் தானே கேட்டுக்கொள்வாள். அந்தக் கேள்வியை அவள் இந்த வீட்டில்தான் கற்றாள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து, தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுத்தாள். மலையிலிருந்து இறங்கிய பிறகும் விரதம் முடியவில்லை. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று அது நீண்டது. இந்த வயதில் இத்தனை பக்தியா என்று உறவினர் வியந்தனர், நான் பெருமைப்பட்டேன். லிட்டில் இந்தியாவில் எங்களுக்குத் துணி தைக்கும் அக்கா, நோட்டுப் புத்தகத்தில் இருந்த பழைய அளவை அடித்துவிட்டுப் புதிய அளவை எழுதிக்கொண்டே, “பாப்பா இப்பத்தான் அரங்கேற்றத்துக்கு ஏத்த மாதிரி இருக்கு” என்றார். அதற்கும் நான் மகிழ்ந்தேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ஓர் இட்லியைப் பதினாறு துண்டாக்கி அரை மணி நேரம் உண்பாள். பினாங்கு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு குளிர்கிறது என்பாள். தலையணையெல்லாம் முடி. இவற்றுக்கு நடுவே சமையலறையில் நின்று எங்கள் அனைவருக்கும் பால்கோவாவும் முறுக்கும் விதவிதமாகச் செய்து கொடுப்பாள். தான் வாயில் வைக்கமாட்டாள். மாதவிடாய் நின்று நான்கு மாதம் ஆன பிறகு ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, பரீட்சைப் பயம்தான் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் திருஷ்டி கழித்தோம். கெஞ்சினோம், மிரட்டினோம், ஒருநாள் தட்டைத் தூக்கி எறிந்தோம். இப்படியே இன்னும் மூன்று மாதம் வீணாயிற்று.

உடல் பருத்துவிடும் என்று அஞ்சி உணவை ஒதுக்கும், அனோரெக்சியா என்னும் இந்நோய்க்கு 1870களிலேயே இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் அப்பெயரைச் சூட்டிவிட்டார். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுதியாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று என்பதை நான் அறிந்தது மருத்துவமனைக்குச் சென்ற பிறகே. புலிமியா இன்னொரு வகை: அளவின்றி உண்டுவிட்டு, குற்றவுணர்வில் வாந்தி எடுப்பதோ பேதி மருந்து விழுங்குவதோ வழக்கமாகிவிடும். எடை வழக்கம்போலவே இருக்கக்கூடும் என்பதால் வீட்டாருக்குத் தெரியாது; பல்லின் மேற்பூச்சு அரித்திருப்பதைப் பல் மருத்துவர் முதலில் கண்டுபிடிப்பதுண்டு. வாந்தியால் உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். மூன்றாவது, கட்டுப்பாடின்றி உண்டுவிட்டு ஒளிந்து அழுவது. இது தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013இல்தான் இடம்பெற்றது. ஆண்பிள்ளைகளுக்கும் இவை வரும்.

எங்களுக்குக் கிடைத்த உளவியலாளர் முதல் சந்திப்பில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்துடன் ஏறத்தாழ ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். அதற்கு முன் சமையலில் அக்கறையே இல்லாதிருந்த ஆண்கள், பட்டினி நீள நீளச் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், உணவைத் தட்டில் கிளறிக்கொண்டே நெடுநேரம் உண்டார்கள், குளிரில் நடுங்கினார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் மகளின் பதினாறு துண்டு இட்லியையும் பால்கோவாவையும், அவளுடைய திமிர் என்று நான் நினைத்த அத்தனையையும், பட்டினி கிடக்கும் எந்த மூளையும் செய்யும் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆகவே முதல் மருந்து உணவு. ஆனால் மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கு ஒரே நாளில் அள்ளி ஊட்டுவதும் ஆபத்து. உடலின் உப்புச் சத்துகள் திடீரெனச் சரிந்துவிடக்கூடும். மருத்துவரின் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும்.

இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சையைத்தான் எங்களுக்கு அளித்தார்கள். நோய்க்குக் காரணம் யார் என்று அதில் தேடுவதே இல்லை. என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்னும் முடிவைச் சில காலத்துக்குப் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். உடல் தேறத் தேற அப்பொறுப்பைப் பிள்ளையிடம் படிப்படியாகத் திருப்பித் தருகிறார்கள். அதன் பிறகே வயதுக்குரிய மற்றச் சிக்கல்களைப் பேசுகிறார்கள். நாங்கள் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துச் சென்று, உளவியலாளர் முன்னிலையில் குடும்பமாக உட்கார்ந்து உண்டோம். எதிர்த்துப் போராடுவது நோயோடுதானே தவிர மகளோடு அன்று என்பதை அவர் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். என் மாமியாருக்குத் தமிழும் சந்தை மலாயும் மட்டுமே தெரியும். அந்த அறையில் பேச்சு ஆங்கிலத்தில் நடந்ததால், நோயுற்ற பிள்ளையே தன் நோயைத் தன் பாட்டிக்கு மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. கேட்டு முடித்த அவர், “அப்ப இது அவ பண்றது இல்ல, அவளப் புடிச்சிருக்கிறது பண்றது” என்றார். அன்றிலிருந்து ‘சாப்பிடாட்டி என் மூஞ்சில முழிக்காதே’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றது. இதைத் தமிழில் விளக்கும் ஒரு சிறு கையேடாவது அன்று எங்கள் கையில் இருந்திருந்தால், அந்தப் பாரம் அவள் தலையில் ஏறியிருக்காது.

உடல் தேறிய பிறகு அவளுக்கு நடந்தது சிந்தனை, நடத்தை ஆகிய இரண்டையும் மாற்றும் தனிச் சிகிச்சை. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த இம்முறை, எடை மிகக் குறையாதவர்களுக்கு வழக்கமாக 20 வாரமும், குறைந்தவர்களுக்கு 40 வாரமும் நீடிக்கும். எதிலும் துளிக் குறையும் இருக்கக்கூடாது என்னும் பிடிவாதம், நோயை விடாமல் பிடித்துவைக்கும் ஆணிகளுள் ஒன்று என்பதால் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு. தன்னை எதைக்கொண்டு மதிப்பிடுகிறாள் என்பதை ஒரு வட்டத்தைக் கூறுபோட்டுக் காட்டச் சொன்னார்கள். அவள் வரைந்த வட்டத்தில் உடலும் மதிப்பெண்ணும் போக, நட்பு, குடும்பம், நடனம் எல்லாம் சேர்ந்து ஒரு கீற்றுக்குள் அடங்கிவிட்டன. அந்தக் கீற்றை அகலமாக்குவதே வேலை. கட்டுரையை ஒரே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஒப்படைக்க வேண்டும். அடவு தவறினால் நிறுத்தாமல் தொடர்ந்து ஆட வேண்டும். நாளில் பத்துத் தடவை மணிக்கட்டை விரலால் அளந்து பார்ப்பதை விட வேண்டும். எடையை வாரம் ஒருமுறை மட்டும், உளவியலாளருடன் சேர்ந்து பார்க்க வேண்டும். கேட்பவருக்கு இவை சிறு காரியங்களாகத் தோன்றலாம். என் மகள் முதன்முதலில் ஒரு பிழையோடு கட்டுரையை ஒப்படைத்த இரவு தூங்கவில்லை. இரண்டு முறை நோய் திரும்பியது. அரங்கேற்றம் ஓராண்டு தள்ளிப்போனது. இப்போது பல்கலைக்கழக உணவகத்தில் தோழிகளோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறாள்.

நம் சமூகத்தில் நீரிழிவு மலிந்திருக்கும்போது மெலியச் சொல்வது தவறா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசிய இந்தியர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பருமனான பிள்ளையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் கேலி செய்வது சர்க்கரையைக் குறைக்காது. ஒளிந்து உண்ணும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். பூசினாற்போல் இருக்கிறாள் என்று பாராட்டிய சமூகம்தானே நாம்? பிஜித் தீவின் பூர்வகுடியினரும் அவ்வாறே திரண்ட உடலை விரும்பியவர்கள். அங்கே நத்ரோகா வட்டாரத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மெலிவதற்காக வாந்தி எடுக்கும் பழக்கத்தை அவ்வாண்டு ஒரு மாணவிகூடச் சொல்லவில்லை என்றும், 1998இல் 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள் என்றும் ஹார்வர்ட் ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவு செய்திருக்கிறார். இன்று நம் பிள்ளைகள் கையில் இருப்பது தொலைக்காட்சியைவிட நெருக்கமான திரை.

வழி தெரியாமல் நிற்கும் பெற்றோர் முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். ‘சாப்பிடுவதில்லை’ என்று மட்டும் சொல்லாமல், எப்போதிலிருந்து, எப்படி, மாதவிடாய் நின்றதா, மயக்கம் உண்டா, உண்டவுடன் குளியலறைக்குச் செல்கிறாளா என்று எழுதி எடுத்துச் சென்று, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்னும் ஹீல் மனநல உதவி எண்ணிலும், மனம் தளர்ந்தோருக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்னும் எண்ணிலும் பேசலாம். தங்கள் ஏட்டின் மகளிர் பக்கத்தில் இவ்விரு எண்களையும் நிரந்தரமாக ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன். தமிழ் பேசும் உளவியலாளர்கள், குடும்பவழிச் சிகிச்சையை நம் மொழியில் விளக்கும் ஒரு தொடரை எழுத முன்வந்தால் அதற்கும் இடம் தர வேண்டுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. இக்கடிதத்தின் முதல் வரைவில், மகள் நோயின் உச்சத்தில் இருந்த எடையையும் இன்றைய எடையையும் குறிப்பிட்டிருந்தேன். அவள் அனுமதியின்றி அனுப்பக்கூடாது என்று படிக்கக் கொடுத்தேன். அவள் அந்த இரண்டு எண்களையும் பேனாவால் அடித்துவிட்டாள். பிறர் எடையை எங்காவது படித்தால், அதைவிடக் குறைந்துவிட வேண்டும் என்று அன்று தனக்குத் தோன்றியதாகச் சொன்னாள். தங்கள் ஏட்டில் இனி வரும் கட்டுரைகளிலும் கிலோக் கணக்கையும், மெலிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் தவிர்க்குமாறு அவள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு