குளுக்கோஸ் தண்ணி கொடுத்தீங்க, அப்புறம்?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, சமூக நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கர்ப்பமாகி ஆறாம் மாதத்தில்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். குமட்டலை அடக்கிக்கொண்டு குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தச் சர்க்கரை 162. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரையாம். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, ஒரே ஊசிக்குத்து. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வீ.சேஷய்யா போன்றவர்கள் நம் ஊருக்குத் தோதாகக் கொண்டுவந்த முறை இது. 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை உண்டு என்று சொன்ன மாநிலம் நம்முடையது. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அதற்கு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. "இனிப்பு தொடாதீங்க, சோத்தைக் குறைங்க. அடுத்து யாரு?" எனக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான். அந்தச் செவிலியர் மேல் கோபமில்லை, வாசல் வரை வரிசை நின்றது.

சரி, சோற்றைக் குறைத்தேன். அதற்குப் பதில் நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. சாயங்காலம் டீயோடு பிஸ்கட். காலையில் அத்தை அக்கறையாகக் காய்ச்சித் தந்த கேழ்வரகுக் கஞ்சி, சொம்பு நிறைய. "கேப்பை சர்க்கரைக்கு நல்லதும்மா, ரெண்டு உசுருக்குக் குடி." சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் இருக்க வேண்டியது 158 காட்டியது. பயந்துபோய் இரவுச் சாப்பாட்டையே விட்டேன். அது அதைவிடப் பெரிய தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொடுத்தது சொந்தத்தில் ஒரு அக்கா. உணவியல் படித்தவர். அட்டவணை எதுவும் தரவில்லை. நான் தினமும் சாப்பிடும் எவர்சில்வர் தட்டை எடுத்துவரச் சொன்னார். பாதித் தட்டில் அவரைக்காய்ப் பொரியலும் கீரையும். மீதியில் ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கெட்டிப் பருப்பும் மீனும். "கேப்பையை ஏன் கரைச்சுக் குடிக்கிறே? மாவைக் கஞ்சியாக் காய்ச்சினா சர்க்கரை விறுவிறுன்னு ஏறும். முருங்கைக்கீரை போட்டு ஒரு அடையாத் தட்டு." பதினொரு மணிக்குக் கைப்பிடி சுண்டல், சாப்பிட்டதும் கொஞ்சம் நடை. அத்தையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார், அதுதான் முக்கியம். மொத்தம் இருபது நிமிடம். அடுத்த வாரம் 114.

அந்த இருபது நிமிடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். சர்க்கரை என்று தெரிந்த அன்றே, சமைப்பவரையும் கூட உட்காரவைத்து, ஒரு நிஜத் தட்டைக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டு வாரம் சாப்பாட்டில் அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படும், அது அவள் வாயைக் கட்டாததால் வந்த வினை இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் வீட்டில் வாங்கும் பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

கர்ப்பிணிகளுக்கு நீங்கள் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் வருகிறது, அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் கடலை, பயறு என்று மாற்றித் தர முடியாதா? கர்ப்பிணிகளுக்கு நீங்கள் நடத்தும் சமுதாய வளைகாப்பையும் யோசித்துப் பாருங்கள். வளையல் அழகு, சந்தனம் அழகு, இலையில் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். ஐந்து வகை என்கிறோம், ஐந்தும் சோறுதானே! இரண்டைக் குறைத்து ஒரு சுண்டலும் ஒரு கூட்டும் வையுங்கள். வந்திருக்கும் மாமியார்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

இன்னொன்று. பிரசவமாகி ஆறு வாரத்தில் தாய்க்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அதே ஆறாவது வாரத்தில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட எப்படியும் வருகிறோம். பிள்ளைக்கு ஊசி போடும்போது அம்மா கையிலும் அந்தக் குளுக்கோஸ் டம்ளரைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயதுப் பிள்ளையின் அம்மா