செல்லூர் பழைய சாயப்பட்டறை இடத்தின் மண்ணைச் சோதிக்க நிதி கேட்டு மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிக் குழந்தைகளின் பெற்றோர்,
செல்லூர், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பொருள்: மூடிய சாயப்பட்டறை இருந்த அரசு இடத்தில் மண், நிலத்தடி நீர் சோதனைக்கு நிதி ஒதுக்கக் கோருதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய அய்யா, வணக்கம்.

பந்தல்குடி கால்வாயை ஒட்டி, சாயப்பட்டறை இருந்த காலி இடம் தாங்கள் அறிந்ததே. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிரம்பி, கால்வாய் கரை மீறித் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, பார்வையிட வந்த அதிகாரிகள் அந்த இடத்தைத் தாண்டித்தான் நடந்தார்கள். அது அரசுப் புறம்போக்கு. பட்டறை நடத்தியவர் விட்டுவிட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் முதல் இரண்டு மனுக்களுக்கும் ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

1. அந்த இடத்தில் அங்கன்வாடி கட்ட அனுமதி வந்து, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். இரண்டடி போனதும் மண் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது, அழுகிய முட்டை வாடையோடு. "சோதிக்காமல் இதில் பிள்ளைகளுக்குக் கட்டிடம் கட்ட முடியாது" என்று பொறியாளர் வானத்தை மூடச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. அவர் மேல் எங்களுக்குக் குறை இல்லை.

2. சோதனைக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. கட்டிட நிதியில் செங்கல், சிமெண்டுக்குத்தான் கணக்கு உண்டாம், மண் சோதனைக்கு இல்லையாம். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. சோதித்துத் தரச் சொல்லி நாங்களே ஒரு பையில் மண் அள்ளிக்கொண்டு போனோம். ஒரு பிடி மண் போதாது, பல இடங்களில் வேறு வேறு ஆழத்தில் குழி போட்டு எடுக்க வேண்டும், பக்கத்து போர் தண்ணீரையும் எடுத்து குரோமியம், ஈயம் மாதிரி நச்சு உலோகங்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதுவும் சரி. அந்தச் செலவைத்தான் கேட்கிறோம்.

3. இப்போது அங்கன்வாடி நடப்பது பத்துக்குப் பத்து வாடகை அறையில். இருபத்திரண்டு பிள்ளைகள், தகரக் கூரை. அடுப்பும் அதே அறையில்தான். சாம்பார் கொதிக்கும்போது பிள்ளைகளைத் திண்ணைக்கு அனுப்புகிறார்கள். திண்ணைக்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஓடும் ரோடு. கழிப்பறை கிடையாது. பிள்ளைக்கு அவசரம் என்றால் டீச்சர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அந்த வீட்டம்மா ஊரில் இல்லாத நாளில் எங்கே கூட்டிப் போவார்? அந்தக் காலி இடத்துக்குத்தான். மூன்று வயதுப் பிள்ளைகள் அந்த மண்ணில் உட்கார்ந்து, அதையே அள்ளி விளையாடி, அதே கையை வாயில் வைக்கிறார்கள். போன வாரம் என் மகள் உள்ளங்கால் முழுக்க ஊதா நிறத்தோடு வந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறியது இன்னும் போகவில்லை. ஈயத்தில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மண்ணில் ஈயம் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள், நாளைக்கே வானம் தோண்டட்டும். இருக்கிறது என்றால் அதையாவது சொல்லுங்கள். இரண்டும் சொல்லாமல் இன்னும் எத்தனை மழைக்காலம் விடுவீர்கள் அய்யா?

4. வழி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகள் வெளியிட்டிருக்கிறது. சந்தேகமான இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டு அனுப்பினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசு செய்தவரால் கட்ட முடியாவிட்டால் சுத்தம் செய்யும் செலவை மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். பட்டியலில் எங்கள் இடம் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

5. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடியது. பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்வது வருடக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் அங்கே செலவைக் கேட்க ஒரு கம்பெனி இருந்தது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகவே அய்யா, கட்டிடம் பிறகு வரட்டும். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க நிதி ஒதுக்குங்கள், அந்த இடத்தைப் பட்டியலில் சேருங்கள். முடிவு வரும்வரை சுற்றிக் கம்பி வேலியும், வாடகை அறைக்கு ஒரு கழிப்பறையும் செய்து கொடுங்கள். மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், முதலில் மண்ணைச் சோதியுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் (கையொப்பங்கள் மறுபக்கம்)

இணைப்பு: முந்தைய மனு ரசீது நகல்கள் – 2